மரம் செய்து வைத்த கவட்டை

உண்டிவில்லில் கல்லை எறிவது ரப்பர். மரத்துக்கு அதில் ஒரே வேலை, அசையாமல் நிற்பது. அப்படி நிற்பதற்கு எந்த மரத்துண்டும் போதுமே, ஒரு பலகையில் கவட்டை வடிவத்தை வரைந்து அறுத்துக்கொண்டால் ஆகாதா என்று தோன்றும். அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பலகைக் கவட்டை சீக்கிரமே ஒரு கையை இழந்துவிடும். கிளையில் தானாக வளர்ந்த கவட்டையோ ரப்பரைப் பலமுறை மாற்றிக் கட்டிய பிறகும் அப்படியே இருக்கும். இரண்டும் மரம்தான், இரண்டுக்கும் ஒரே வடிவம்தான். வித்தியாசம் உள்ளே ஓடும் நாரில் இருக்கிறது.

ரப்பர் வருவதற்கு முன்பு உண்டை அடிப்பதில் மரத்தின் வேலை வேறாக இருந்தது. கம்பராமாயணத்தில், சிறுவனாக இருந்தபோது ராமன் வில்லால் தன்மீது உண்டை அடித்ததை மறக்காமல் மனத்தில் வைத்திருக்கிறாள் கூனி. அது நாணில் அம்புக்குப் பதிலாக மண்ணுருண்டையை வைத்து விடும் வில். அங்கே வளைந்து கொடுக்கும் வில்தண்டுதான் ஆற்றலைச் சேமித்து வைக்கும். நன்றாக வளையாத மரம் அதற்கு உதவாது. தினைப்புனத்துப் பரணில் நின்று கிளி ஓட்டியவர்கள் சுழற்றிய கவணில் மரமே கிடையாது, கயிறும் கையின் வேகமும்தான். இன்று நாம் உண்டிவில் என்கிற கவட்டையும் ரப்பரும் சேர்ந்த கருவி இவற்றுக்கெல்லாம் மிகவும் பிந்தியது. வெயிலில் இளகிக் குளிரில் விறைத்துப்போகும் பச்சை ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது நிலையான மீள்தன்மை பெறும் என்று அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-ல் கண்டார். அதன் பிறகுதான் இப்படியொரு கருவிக்கே வழி பிறந்தது. வளைகிற வேலையை ரப்பர் எடுத்துக்கொண்டது. வளையாமல் நிற்கும் வேலை மரத்துக்கு வந்தது.

அதற்குப் பையன்கள் முதலில் தேடிப்போவது கொய்யாவை. புளியங்கவட்டையும் வேப்பங்கவட்டையும் உறுதியில் குறைந்தவை அல்ல. ஆனால் கொய்யாவில் கிடைக்கும் அளவுக்கு இரண்டு கையும் ஒத்த கவட்டை அவற்றில் எளிதில் கிடைக்காது. காரணம் இலை அமைப்பில் இருக்கிறது. கொய்யாவின் இளங்கொப்பு ஒன்றை எடுத்துப் பாருங்கள். தண்டு உருண்டையாக இராது, நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் ஜோடி ஜோடியாக, ஒன்றுக்கொன்று நேர் எதிரில் நிற்கும். ஒவ்வொரு இலைக்கக்கத்திலும் ஒரு மொட்டு உண்டு. எனவே ஒவ்வொரு கணுவிலும் சம உயரத்தில், நேர் எதிரெதிராக இரண்டு மொட்டுகள் காத்திருக்கின்றன. வேம்பிலும் புளியிலும் இலைகள் மாற்றி மாற்றி, கணுவுக்கு ஒன்றாக வருபவை. அங்கே கிளை பிரிந்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே; ஒன்று தடித்தது, மற்றது மெலிந்தது.

மொட்டுகள் காத்திருப்பது ஏன்? கிளையின் நுனிமொட்டு ஆக்சின் என்ற வளரூக்கியைச் சுரந்து கீழே அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அது வந்துகொண்டிருக்கும் வரையில் கீழே உள்ள பக்க மொட்டுகள் தூங்கும். 1930-களில் கென்னத் திமனும் ஃபோக் ஸ்கூகும் அவரைக் குடும்பச் செடி ஒன்றின் நுனியைக் கிள்ளிவிட்டு, வெட்டிய இடத்தில் ஆக்சினை வைத்துப் பார்த்தார்கள். நுனி போன பின்னும் பக்க மொட்டுகள் எழும்பவில்லை. ஆக்சின் இல்லாதபோதோ உடனே எழும்பின. கொய்யாவின் நுனியை ஆடு கடித்தாலும், பூச்சி அரித்தாலும், தோட்டக்காரர் கவாத்து செய்தாலும் நடப்பது இதுதான். அடுத்த கணுவில் இருக்கும் இரண்டு மொட்டுகளும் ஒரே நேரத்தில் விழித்து, ஒரே வேகத்தில் வளர்ந்து, சமமான இரண்டு கைகளாகின்றன. கொய்யா புதுத்தளிரில்தான் பூக்கும் என்பதால் தோட்டங்களில் நுனியை வெட்டி விடுவது வழக்கம். அதனால் கவாத்து செய்த கொய்யாத்தோப்பில் கவட்டைக்குப் பஞ்சமே இல்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உண்டிவில் செய்வோர் விரும்பித் தேடும் ஆஷ், டாக்வுட் மரங்களும் எதிரிலை அமைப்பு உடையவையே என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. கடல் கடந்த பையன்கள் ஒருவரையொருவர் கேளாமலே ஒரே தாவரவியல் விதியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

கவட்டை சமமாக இருந்தால் மட்டும் போதாது. இரண்டு கிளை சந்திக்கும் இடுக்கைக் குனிந்து பார்க்க வேண்டும். இடுக்கு அகன்று ‘ப’ வடிவின் அடிப்பாகம்போல இருந்து, அங்கே பட்டை மேடுகட்டி வெளியே பிதுங்கியிருந்தால் உள்ளே மரத்தோடு மரம் இணைந்திருக்கிறது என்று பொருள். இடுக்கு மிகக் குறுகலாக இருந்து, பட்டை உள்நோக்கி மடிந்து இறங்கினால் எச்சரிக்கை. இரண்டு கிளைகளும் பருக்கும்போது இடையில் பட்டை மாட்டிக்கொண்டு, மரம் ஒட்டாமலே வளர்ந்திருக்கும். வெளியே ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே அது விரிசல்தான். புயலில் பெருமரங்கள் இரண்டாகக் கிழியும்போது பெரும்பாலும் இப்படிப் பட்டை விழுங்கிய இடத்தில்தான் கிழிகின்றன.

நல்ல கவட்டை ஒன்றை இரண்டு கைகளின் நடுவாக நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்து, அறுத்த முகத்தை உப்புத்தாளால் தேய்த்து, சிறிது எண்ணெய் தடவிப் பாருங்கள். கைப்பிடியில் நார்கள் நேராக மேலே வருகின்றன. கவட்டையை நெருங்கியதும் இரு பக்கமும் ஒதுங்கி, எந்த இடத்திலும் அறுபடாமல் கைகளுக்குள் தொடர்கின்றன. இடுக்கின் அடியில், விரல்நுனி அகலத்துக்கு, மரம் நிறம் மாறித் தெரியும். அங்கே நாருக்கு ஒரு திசை இல்லை. சுழித்து, நெளிந்து, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். உளி வைத்துப் பிளக்கப் பார்த்தால் மற்ற இடத்தில் சட்டென்று பிளக்கும் மரம் இங்கே மறுக்கும். மான்செஸ்டரில் டங்கன் ஸ்லேட்டரும் ரோலண்ட் எனோஸும் ஹேசல் மரக் கவட்டைகளை எடுத்து, இந்த நடுப்பகுதியை மட்டும் துளையிட்டு நீக்கி, கைகளை விலக்கி இழுத்துப் பார்த்தார்கள். 2013-ல் வெளியான அந்த ஆய்வின்படி, அளவில் சிறிய அந்தப் பகுதி போனதும் கவட்டையின் வலிமை வெகுவாகச் சரிந்தது. அந்த மரம் அடர்த்தி கூடியது, நீர் கடத்தும் குழாய்கள் குறைந்தது என்பதும் தொடர்ந்து வந்த ஆய்வில் தெரிந்தது. காற்றில் இரண்டு கிளைகளும் எதிரெதிராக ஆடும்போது கிழிபடப்போகும் இடம் அதுதான். மரம் அங்கே தண்ணீர்க் கடத்தலைக் குறைத்துக்கொண்டு வலிமையை வைத்திருக்கிறது.

பலகையின் குறை இப்போது புரியும். நார் வாக்கில் இழுத்தால் மரம் தாங்கும் சுமையோடு ஒப்பிட, நாருக்குக் குறுக்கே இழுத்தால் தாங்குவது இருபதில் ஒரு பங்கு அளவே. பலகையில் கவட்டையை அறுக்கும்போது கைப்பிடி நார் வாக்கில் அமைந்தால், சாய்ந்து போகும் கைகளில் நார் பக்கவாட்டில் வெட்டுப்பட்டு நிற்கும். கையின் அடியில் முழு நீள நாருக்குப் பதிலாகத் துண்டு நார்கள். அந்த இடத்தில்தான் அது ஒடியும். அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தரமான பிளைவுட் இதிலிருந்து தப்பிக்கும். நம் தச்சர்கள் கலப்பைக்கு இயல்பாகவே வளைந்த கருவேலங்கட்டையைத் தேடியதும், மேலைநாட்டுக் கப்பல் தச்சர்கள் விலா மூட்டுகளுக்கு ஓக் மரக் கவட்டைகளைக் காடு முழுக்கத் தேடியதும் இதே காரணத்தால்தான். வளைவை அறுத்து எடுக்கக் கூடாது, வளர்ந்ததை எடுக்க வேண்டும்.

இந்தக் கவட்டை உண்மையில் எவ்வளவு சுமை தாங்குகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முழுக்க இழுத்த நிலையில் இழுப்பவரின் கையில் 40 நியூட்டன் விசை இருக்கட்டும், அதாவது நான்கு கிலோ எடையைத் தூக்குவது போல. கவட்டையின் ஒவ்வொரு கையின் நுனிக்கும் 20 நியூட்டன். இடுக்கிலிருந்து நுனி வரை 8 செ.மீ. என்றால் கையின் அடியில் விழும் வளைவுத் திருப்பம் 1.6 நியூட்டன்-மீட்டர். கையின் விட்டம் 15 மி.மீ. என்றால் அங்கே ஏற்படும் தகைவு ஏறக்குறைய 5 மெகாபாஸ்கல். காய்ந்த கடின மரம் 80 மெகாபாஸ்கலுக்கு மேல் தாங்கும். பதினைந்து மடங்குக்கும் கூடுதலான பாதுகாப்பு! ஆனால் தகைவு விட்டத்தின் மும்மடிக்குத் தலைகீழாக மாறுகிறது. கை பாதிப் பருமனாக இருந்தால் தகைவு எட்டு மடங்காகி 40-ஐத் தொடும். ரப்பர் நழுவாமல் இருக்க நுனியில் ஆழமாக வெட்டும் பள்ளம், அதன் கூர்மூலையில் தகைவை இன்னும் பெருக்கும். ஆகவே பெருவிரல் பருமனுக்குக் குறையாத கை, ஆழமில்லாத, மூலைகள் மழுங்கிய பள்ளம். கையின் உயரத்தையும் கூட்டக் கூடாது. ரப்பர் கட்டிய இடம் பிடியிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு மணிக்கட்டும் பின்னோக்கித் திருகப்படும். குட்டைக் கவட்டையில் குறி நிலைப்பது இதனால்தான்.

வெட்டியதும் கட்டி அடிக்க அவசரப்படக் கூடாது. பச்சை மரத்தில் தண்ணீர் மட்டுமே காய்ந்த மரத்தின் பாதி எடையளவோ அதற்கு மேலோ இருக்கும். அதில் செல்களின் உட்கூட்டில் தேங்கிய நீர் வெளியேறும்போது மரத்தின் அளவு மாறுவதில்லை. ஈரம் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கி, செல்சுவரில் பிடித்துவைத்த நீர் போகத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பமாகிறது. சுற்றளவு வாக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த ஏற்றத்தாழ்வை முழு உருண்டைக் கிளையால் சமாளிக்க முடியாது, நடுத்தண்டிலிருந்து வெளிநோக்கி வெடிக்கும். வெயிலில் போட்டால் மேற்பரப்பு முதலில் சுருங்கி வெடிப்பு இன்னும் மோசமாகும். பட்டையை உரிக்காமல், மூன்று முனைகளிலும் மெழுகோ பெயின்டோ பூசி, நிழலில் காற்றாட வைக்க வேண்டும். நீர் முனைகள் வழியாகத்தான் வேகமாக ஓடும், அதனால்தான் மெழுகு. வெட்டும்போதே ஒவ்வொரு முனையிலும் நான்கு விரற்கடை கூடுதலாக விட்டால், வெடித்த பகுதியைப் பிறகு அறுத்துத் தள்ளிவிடலாம். காய்ந்துவிட்டதா என்பதைத் தட்டிப் பார்த்துச் சொல்வதைவிடச் சமையலறைத் தராசு துல்லியமாகச் சொல்லும். வாரம் ஒருமுறை எடை போடுங்கள். எடை குறைவது நின்றதும் மரம் நம்மூர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. கடலோர ஊர்களில் அப்போதும் 12 முதல் 15 சதவீத ஈரம் அதில் இருக்கும், அதற்கு மேல் காயாது. கைப்பிடியில் நீளவாக்கில் ஓடும் மெல்லிய வெடிப்பு கெடுதல் செய்யாது. இடுக்குக்குள் நுழையும் வெடிப்பு இருந்தால் அந்தக் கவட்டையை அடுப்பில் போட்டுவிட வேண்டியதுதான்.

இனி ரப்பர். ஒரு ரப்பர் பேண்டை மேலுதட்டில் ஒட்டினாற்போல வைத்துச் சட்டென்று இழுங்கள். உதட்டில் வெதுவெதுப்புத் தெரியும். இழுத்தபடியே சில நொடி காத்திருந்து, மறுபடி உதட்டில் வைத்துத் தளர விடுங்கள். ஜில்லென்று இருக்கும். இதை முதலில் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் கெண்டல் ஊரைச் சேர்ந்த ஜான் காஃப். பெரியம்மையால் சிறுவயதிலேயே பார்வையை இழந்தவர், அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனுக்கு ஆசிரியராக இருந்தவர். 1805-ல் வெளியான அவருடைய கட்டுரையில் இன்னொன்றும் இருந்தது: எடை கட்டித் தொங்கவிட்ட ரப்பரைச் சூடாக்கினால் அது நீளாமல் சுருங்கும். இரும்புக்கும் செம்புக்கும் நேர்மாறான குணம். அரை நூற்றாண்டு கழித்து ஜேம்ஸ் ஜூல் இதை அளந்து உறுதி செய்தார். அதன் காரணம் தெரிவதற்கோ 20-ஆம் நூற்றாண்டு வர வேண்டியிருந்தது.

ரப்பர் என்பது ஐசோப்ரீன் அலகுகள் ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள் என்று 1920-ல் ஹெர்மன் ஸ்டாடிங்கர் வாதாடத் தொடங்கியபோது பலர் ஏற்கவில்லை; 1953-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தச் சங்கிலி முழுக்க நீண்டு நேராக நிற்பதற்கு ஒரே ஒரு வழிதான் உண்டு. சுருண்டு கிடப்பதற்குக் கணக்கற்ற வழிகள். வெப்பத்தால் சதா துடித்துக்கொண்டிருக்கும் சங்கிலி, தன் போக்கில் விட்டால் கணக்கற்ற வழிகள் இருக்கும் பக்கமே போகும். நாம் கையில் உணரும் இழுவிசை பெரும்பாலும் அதுதான். எஃகுச் சுருளில் அணுக்களுக்கு இடையேயான பிணைப்பு இழுபடுகிறது. ரப்பரில் ஒழுங்குக்கு எதிரான வெப்பத்துடிப்பு இழுக்கிறது. சூடு கூடினால் துடிப்பு கூடும், சுருங்கும் விசையும் கூடும். ஒழுங்குபடுத்தும்போது வெளியேறும் வெப்பத்தைத்தான் உதடு உணர்ந்தது. சங்கிலிகள் ஒன்றையொன்று வழுக்கி விலகிவிடாமல் அங்கங்கே முடிச்சுப் போட்டு வைப்பது குட்இயரின் கந்தகம்.

உண்டிவில் அடிப்பவருக்கு இதில் நேரடியான பாடம் ஒன்று உண்டு. இழுத்துப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் குறி பார்த்தால், இழுக்கும்போது பிறந்த வெப்பம் காற்றில் போய்விடுகிறது, சங்கிலிகளும் மெல்ல நழுவி இடம் மாறிக்கொள்கின்றன. விசை குறைகிறது, கல் தாழ்ந்து போகிறது. இழுப்பதற்கு முன்பே குறியை மனத்தில் வாங்கிக்கொண்டு, இழுத்த உடனே விடுபவர்களின் கல் நேராகப் போவதற்கு இதுவும் காரணம்.

எந்த ரப்பர் என்பதில் பழைய சைக்கிள் டியூப்தான் எல்லோருக்கும் எளிதில் கிடைப்பது. ஆனால் இன்றைய டியூப்களில் பல, பியூட்டைல் என்ற செயற்கை ரப்பர். 1937-ல் அமெரிக்காவில் உருவான அது, காற்றை வெளியே விடாமல் பிடித்துவைப்பதில் இயற்கை ரப்பரை மிஞ்சும். அதன் சங்கிலிகள் நெருக்கமாக, மந்தமாக அசைபவை. டியூபுக்கு நல்லதான அதே மந்தம் உண்டிவில்லுக்குக் கெடுதல்: இழுக்கக் கொடுத்த ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகி உள்ளேயே தங்கிவிடும். பியூட்டைலால் செய்த பந்து தரையில் விழுந்தால் எம்பாமல் கிடக்கும். இயற்கை ரப்பர் பந்து துள்ளும். சைக்கிள் கடையில் வால்வுக்குப் போடும் வால்டியூபைப் பையன்கள் பின்னிக் கட்டியது சரியான தேர்வு, அது இளகிய இயற்கை ரப்பர். எதை எடுத்தாலும் பட்டையாக வெட்டும்போது புது பிளேடால் ஒரே இழுப்பில் வெட்ட வேண்டும். ஓரத்தில் கத்தரி விட்டுவிட்டுக் கடித்த சிறு பிசிறு இருந்தாலும் இழுக்கும்போது கிழிசல் அங்கிருந்துதான் ஓடும்.

கல் எவ்வளவு வேகத்தில் போகும்? அதே 40 நியூட்டன், 50 செ.மீ. இழுப்பு. இழுக்கும் தூரம் முழுவதற்கும் சராசரி விசை 22 நியூட்டன் என்று கொண்டால் சேமித்த ஆற்றல் 11 ஜூல். ரப்பரும் கல் வைக்கும் தோலும் தாங்களே முன்னோக்கி ஓடுவதற்கும் வெப்பமாகவும் பாதியை எடுத்துக்கொண்டால் மிச்சம் 5.5 ஜூல். பத்து கிராம் கல்லுக்கு அது கிடைத்தால் வேகம் நொடிக்கு 33 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். கல்லின் எடையைக் குறைத்தால் வேகம் அதற்கேற்பக் கூடிக்கொண்டே போவதில்லை, ரப்பரின் சொந்த எடையே அப்போது பெரிய பங்கைத் தின்றுவிடும். கல் வைக்கும் தோல் மெல்லியதாகவும் சிறியதாகவும் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். ரப்பர் பட்டை கவட்டைப் பக்கம் அகன்று தோல் பக்கம் குறுகி வந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் மிக வேகமாக ஓடும் முனையில் எடை குறைகிறது.

மணிக்கு 120 கிலோமீட்டரில் வரும் பத்து கிராம் கல் ஒரு கண்ணை நிரந்தரமாகப் பறிக்கப் போதுமானது. அடிப்பவரும் அருகில் நிற்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட வேண்டும். ஆள் நடமாடும் திசையில் இழுக்கவே கூடாது. குறியின் பின்னால் கல்லை விழுங்கும் மண்மேடோ தொங்கும் கனத்த சாக்குப்படுதாவோ இருக்க வேண்டும், கல் தெறித்துத் திரும்பும் சுவர் இருக்கக் கூடாது. பறவைகளை அடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன்: ஒரு மைனாவின் உடலில் இந்தக் கல் செய்யும் சேதத்தை ஒருமுறை கையில் ஏந்திப் பார்த்த யாரும் மறுமுறை மரத்தை நோக்கி இழுக்க மாட்டார்கள். கயிற்றில் தொங்கும் தகர டப்பா போதும். பட்டதும் சத்தம் போட்டுச் சொல்லிவிடும்.

கவட்டை நீண்ட நாள் வரும், ரப்பர் வராது. இயற்கை ரப்பரின் சங்கிலியில் இருக்கும் இரட்டைப் பிணைப்புகளைக் காற்றில் மிகச் சொற்பமாக உள்ள ஓசோன் தேடிப்பிடித்து அறுக்கிறது. தளர்ந்து கிடக்கும் ரப்பரில் இது அவ்வளவாகத் தெரியாது. இழுபட்டு இருக்கும் இடத்தில் வெட்டு விரிந்து ஆழமாகும். கவட்டையில் மடித்துக் கட்டிய இடம் எப்போதும் சற்று இழுபட்டே இருப்பதால் பழுது அங்கேதான் முதலில் வரும். அடிக்கத் தொடங்கும் முன் ரப்பரைக் கொஞ்சம் இழுத்து, கட்டுக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நீளத்துக்குக் குறுக்கே மயிரிழைக் கோடுகள் தெரிந்தால் அன்றைக்கே வெட்டியெறிந்து புதிது கட்டிவிட வேண்டும். கவட்டைப் பக்கம் அறுந்த ரப்பர் முன்னால் போகாது, இழுத்துப் பிடித்திருப்பவரின் முகத்துக்கே வரும்.